வாடகை கட்டடத்துக்கு, விலை மண்ணுக்கு

வாடகைக்கு விடுவதற்கென்றே முதன்முதலாக வீடு வாங்கப் போகிறவர் புரோக்கரிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார். மாசம் எவ்வளவு வாடகை வரும்? லோன் போட்டால் இ.எம்.ஐ.யை வாடகையே கட்டிவிடுமா? சென்னையின் மேற்கே அயனம்பாக்கம், நொளம்பூர், வானகரம், திருவேற்காடு வட்டாரத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஏரியா வளர்ந்துக்கிட்டே இருக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." ஏரியா வளர்வது உண்மைதான். ஆனால் கேட்டவர் வாடகையைப் பற்றிக் கேட்டார். பதில் மண்ணின் விலையைப் பற்றி வந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் புதிதாக இறங்குகிறவர்களின் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கைச் சட்டமே போட்டுக் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. 1946, 1949 சட்டங்களுக்குப் பிறகு 1960-இல் வந்த கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு வருடம் குறையாக நடைமுறையில் இருந்தது. 'நியாய வாடகை' என்று ஒன்றை அது வரையறுத்தது. மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவு, வசதிகளுக்கான தொகை எல்லாவற்றையும் கூட்டி, வரும் மொத்த மதிப்பில் குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை கண்ணி என்றால் 12 சதவீதம். பின்னாளில் திருத்தப்பட்ட வடிவில் இதுதான் சூத்திரம். வாடகைக்காரரைக் காக்க வந்த சட்டம் என்று பெயரெடுத்த ஒன்று, வீட்டுக்காரருக்கு 9 சதவீத வருமானம் நியாயம் என்று எழுதி வைத்திருந்தது.

இன்றைய நிலவரத்தில் அதைப் பொருத்திப் பார்க்கலாம். கணக்குக்காக ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம்: 900 சதுர அடி, இரண்டு படுக்கையறை, விலை 60 லட்சம், வாடகை 18,000. பழைய சூத்திரப்படி இதற்கு நியாய வாடகை மாதம் 45,000 ரூபாய். அயனம்பாக்கத்தில் அந்த வாடகையைச் சொன்னால் வீடு பார்க்க வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார். சந்தை தருவது 18,000, ஆண்டுக்கு 2,16,000, விலையில் 3.6 சதவீதம். இதுவும் காகிதக் கணக்கு. பத்திரச் செலவைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. இதுவே 5,40,000. தரகையும் மற்றவற்றையும் கூட்டினால் கையிலிருந்து போவது 66 லட்சம். பன்னிரண்டு மாதமும் வாடகை வராது. ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் ஒரு மாதம் போகும் என்று வைத்தால் 1,98,000. சொத்து வரி, சில்லறை ரிப்பேர் என்று 18,000 கழித்தால் மிஞ்சுவது 1,80,000. போட்ட பணத்தில் 2.7 சதவீதம். பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? 60 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். அந்த ஃபிளாட்டோடு வரும் பிரிபடாத பாகம், எல்லோரும் சொல்லும் யு.டி.எஸ்., 450 சதுர அடி என்றும், அங்கே மனை சதுர அடி 6,500 ரூபாய் என்றும் வைப்போம். மண்ணுக்கு மட்டும் 29 லட்சத்துச் சொச்சம் போய்விடுகிறது. மீதமுள்ள சுமார் 31 லட்சம்தான் கட்டடம். வாடகையை இந்த 31 லட்சத்தோடு ஒப்பிட்டால் 7 சதவீதம் வருகிறது. குடியிருப்பவர் காசு கொடுப்பது அறைக்கும் தண்ணீருக்கும் வேலையிடத்துக்கு உள்ள தூரத்துக்கும். அடியில் இருக்கும் மண் நாளை என்ன விலைக்குப் போகும் என்பதற்கு அவர் ஒரு பைசாவும் தர மாட்டார், தரவும் தேவையில்லை. அந்த எதிர்பார்ப்புக்கான விலையை முழுக்கச் சுமப்பவர் வாங்குபவர்தான்.

இதை இன்னும் துலக்கமாகக் காட்டுவது மாடியில் போர்ஷன் எடுப்பவர்களின் கணக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதற்கு முன்பே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. இவற்றில் வேலை பார்த்தவர்கள் அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு என்று மனை வாங்கிப் போட்டு, ஓய்வுபெறும்போது வந்த பி.எஃப்., கிராஜுவிட்டியை வைத்து மாடி எடுத்த குடும்பங்கள் இந்த மேற்குப் புறநகர் முழுக்க உண்டு. அப்படி ஒருவர் இன்று தன் வீட்டின் மேல் 800 சதுர அடி கட்டுகிறார் என்று கொள்வோம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 20 லட்சம். வாடகை 13,000. ஆண்டுக்கு 7.8 சதவீதம். இதே வீட்டை இன்று புதிதாக ஒருவர் மனை வாங்கிக் கட்டினால்? அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, 78 லட்சம்; தரைத்தளமும் முதல் மாடியுமாக 1,600 சதுர அடி கட்ட 40 லட்சம்; ஆக 1 கோடியே 18 லட்சம். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து வாடகை 26,000. ஆண்டுக்கு 2.6 சதவீதம். அதே தெரு, அதே செங்கல், அதே வாடகை. மண்ணை எப்போது வாங்கினார் என்பதில் மட்டும் வித்தியாசம். "எங்க மாமா வாடகையிலேயே காலத்தை ஓட்டுறார்" என்று உதாரணம் காட்டி ஃபிளாட் வாங்க வருகிறவர்கள், மாமா எந்த வருடத்து விலையில் மனை வாங்கினார் என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

சொந்த மனை ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு, வேறெங்கும் ஃபிளாட் தேடுவதைவிட மாடி எடுப்பதே வாடகைக் கணக்கில் லாபம் என்பது என் முடிவு. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் உள்ள, முதல் மாடி வரையிலான வீடுகளுக்கு அலுவலகம் அலுவலகமாக அலையாமல் இணையத்திலேயே அனுமதி பெற வழி பிறந்திருக்கிறது. இரண்டாம் மாடி என்றால் வழக்கமான வழிதான். அனுமதி இல்லாமல் எடுத்த மாடிக்கு வாடகை வரும். விற்கும்போதும் லோன் கேட்கும்போதும் அதற்கு மதிப்பு வராது.

லோன் கேள்விக்கு வருவோம். 60 லட்சத்தில் 45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 39,000. வாடகை 18,000. மாதம் 21,000 சம்பளத்திலிருந்து போக வேண்டும். வாடகை இ.எம்.ஐ.யைக் கட்டாது, பாதியைக்கூடக் கட்டாது. 'வரியில் சரிக்கட்டிவிடலாம்' என்பது அடுத்த நம்பிக்கை. வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் நிலையான கழிவு, அதன்பின் கடன் வட்டி முழுவதும் கழியும். முதல் வருட வட்டியே 3,80,000 போல வருவதால் கணக்கு நஷ்டத்தில்தான் நிற்கும். பழைய வரிமுறையில் அந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு ஈடுசெய்துகொள்ளலாம். புதிய வரிமுறையில் அதற்கு வழியில்லை. ஆபீஸில் புதிய முறையைத் தேர்ந்துவிட்டு, வரிச்சலுகையை நம்பி இரண்டாவது வீட்டுக்கு லோன் எடுப்பவர்களை என்ன சொல்வது! இன்னொன்று: வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. மேலே சொன்ன ஃபிளாட்டுக்கு அது 60,000 ரூபாய். பதிவு நாளின் பரபரப்பில் இதை மறந்துவிட்டுப் பிறகு நோட்டீசும் வட்டியுமாக அவதிப்படுவது அடிக்கடி நடக்கிறது.

இனி வாடகையைத் தீர்மானிக்கும் சங்கதிகள். அயனம்பாக்கத்துக்கு வாடகைக்கு வருகிறவர்களை வரவழைப்பது வானகரம்–அம்பத்தூர் சாலை. அந்தச் சாலையில் அப்போலோ ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை. வடக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதற்குள் எழும்பிய ஐ.டி. கட்டடங்களும், கிழக்கே சென்னை பைபாஸ், தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை. நர்சுகள், டெக்னீஷியன்கள், ஷிஃப்டுக்குப் போகிற எஞ்சினியர்கள், பிள்ளைகளின் பள்ளிக்காக இடம் மாறும் குடும்பங்கள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் தேவை வேறு. நர்சுகள் நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் குடும்பத்தைவிடக் கூடுதல் வாடகை கொடுப்பார்கள். ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் கேட் திறக்கும் சத்தத்தைக் கீழ்வீட்டுக்காரர் சகித்துக்கொள்ள வேண்டும். குடும்பங்கள் வாடகையில் பேரம் பேசுவார்கள். வந்தால் பிள்ளை பத்தாவது முடிக்கும்வரை நகர மாட்டார்கள். 'பேச்சிலருக்கு இல்லை', 'வெஜிடேரியன் மட்டும்' என்று போர்டு மாட்டுகிறவர்கள் தங்கள் வீட்டுக்கு வரக்கூடியவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை லாப நஷ்டக் கணக்காகவாவது யோசிக்கலாம். மனிதர்களாக யோசித்தால் இன்னும் நல்லது.

வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கும் நம் ஊரில் தனிப் பஞ்சாங்கம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஜூலை நடுவில் ஒரு வீடு காலியானால் ஆவணி பிறக்கும்வரை ஆள் வராது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மாற்றத்துக்காக வீடு தேடுகிறவர்கள் அதிகம். ஒப்பந்தத்தின் முடிவுத் தேதி அந்த மாதங்களில் வருமாறு பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள், ஒரு வருடத்தில் ஒரு மாத வாடகையை இப்படியே மிச்சம் பிடிக்கிறார்கள்.

வீடு பார்க்க வருகிற அம்மா ஹாலை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார். குழாய் வாயில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் அடுத்த கேள்வி: "போர் தண்ணியா? மெட்ரோ வாட்டர் வருமா? சம்ப் எத்தனை லிட்டர்?" 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது சென்னை முழுக்க லாரித் தண்ணீரில் ஓடியது. லாரிக்குப் பணம் கொடுப்பது வீட்டுக்காரரா, குடியிருப்பவரா என்ற சண்டை அந்த வருடம் பல வீடுகளில் நடந்தது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. தண்ணீரின் மறுபக்கம் வெள்ளம். கூவம் இந்த வட்டாரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. ஊருக்குள்ளேயே அயனம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. வீடு வாங்கப் போகிற தெருவில் 2015 வெள்ளத்திலும் 2023-இலும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்பதைப் புரோக்கரிடம் கேட்பதில் பயனில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரர் கையால் உயரத்தைக் காட்டிச் சொல்லிவிடுவார். தரைத்தளமா, முதல் தளமா என்ற முடிவு அந்தக் கையளவைப் பொறுத்தது.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போகக் கட்டணம் படிப்படியாக ஏறும். இரண்டு போர்ஷன்களை ஒரே மீட்டரில் ஓட்டினால் இருவரும் உயர்ந்த படிக்குத் தள்ளப்படுவார்கள். அந்த நிலையில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரரே ஒரு ரேட் போட்டு வசூலிப்பது, வாடகைக்காரர்களின் ஆறாத மனக்குறைகளில் ஒன்று. தனித்தனி இணைப்பு வாங்கிவிட்டால் வாடகையைச் சற்றுக் கூட்டிக்கூடக் கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

"காலி பண்ணச் சொன்னா பண்ணுவாங்களா?" இதுதான் எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம். 1960 சட்டத்தின் கீழ் தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்குகளின் கதைகள் இன்னும் காதில் ஒலிப்பதால் வரும் பயம் இது. அந்தச் சட்டத்தில் மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு பிரிவு இருந்தது; 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. அதன்பின் எல்லா வாடகைக்காரரும் சட்டத்தின் குடைக்குள் வந்தார்கள். வீட்டுக்காரர்கள் பதினொரு மாத ஒப்பந்தத்துக்குள் ஒதுங்கினார்கள். ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகையைப் பதிவு செய்யத் தேவையில்லை என்ற 1908 பதிவுச் சட்டத்தின் சலுகைதான் அந்தப் பதினொரு மாதத்தின் ரகசியம். ஜெராக்ஸ் கடையில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தரும் அந்தப் பத்திரத்தை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் காலம் மாறிவிட்டது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து 1960 சட்டத்தை நீக்கிவிட்டது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு என்றாலும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். நியாய வாடகை என்ற பேச்சே இதில் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகைதான் வாடகை. 9 சதவீதச் சூத்திரம் அதோடு ஓய்ந்தது.

புதிய சட்டம் வீட்டுக்காரருக்குச் சாதகம் என்ற பேச்சு ஓரளவு சரி. வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகை விடுதல், சொல்லாத காரியத்துக்கு இடத்தைப் பயன்படுத்துதல் போன்ற காரணங்களுக்கு வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் பதியாமல் வைத்திருப்பவர் இந்தச் சாதகத்தைக் கேட்கப் போகும்போது கை நடுங்கும். அதோடு, கோபத்தில் தண்ணீர் வால்வை மூடுவது, ஃபியூஸைப் பிடுங்குவது இரண்டும் இந்தச் சட்டத்தில் குற்றம். வீட்டைப் பார்வையிட வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். 'என் வீடு, எப்ப வேணாலும் வருவேன்' என்ற வசனம் இனி செல்லாது.

அட்வான்ஸ் விஷயத்துக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நெடுநாள் வழக்கம். சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாதம். காலி செய்யும்போது 'பெயின்டிங்குக்கு' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது இன்னொரு வழக்கம். சட்டத்தோடு இணைந்த அட்டவணையைப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் லைனை மாற்றுவது, வயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய், வாஷர், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசு வலை எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய இதுதான் பங்கீடு. முன்பணத்தைப் பற்றி முதலீட்டாளருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அது வருமானம் அல்ல, கடன். அதை ஃபிளாட்டின் வுட் ஒர்க்குக்குச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆள் கொடுக்கும் அட்வான்ஸில்தான் முதல் ஆளுக்குத் திருப்ப முடியும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். மொத்தமாக லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு மாத வாடகையே இல்லாமல் 'லீஸு'க்கு விடுவதிலும் இதே பொறி இன்னும் பெரிதாக இருக்கிறது. இடையில் ஒரு நபர் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுத்து, குடியிருப்பவரிடம் லீஸுக்கு விட்டு, பணத்தோடு காணாமல் போகிற மோசடி சென்னையில் புதிதல்ல. வெளியூரில் இருந்துகொண்டு ஏஜென்ட் மூலம் வீட்டை நிர்வகிப்பவர்கள், தங்கள் வீட்டில் உண்மையில் யார், என்ன கணக்கில் இருக்கிறார்கள் என்று நேரில் வந்து பார்ப்பது அவசியம். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் முறையைச் சென்னைக் காவல்துறை கட்டாயமாக்கியது. திருவேற்காடு பக்கம் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது.

பத்திரங்களைப் பற்றி அதிகம் விரிக்கத் தேவையில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று எல்லா வக்கீல்களும் சொல்லும் பட்டியல்தான். இந்த வட்டாரத்துக்கென்று ஒன்றைச் சேர்க்கலாம். மனை சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் வருகிறதா, திருவேற்காடு நகராட்சியிலா என்பதைச் சொத்து வரி ரசீதில் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூரும் மதுரவாயலும் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தன. பக்கத்துத் தெரு இணையாமலும் இருக்கலாம். விளம்பரத்தில் எல்லாமே 'முகப்பேர் மிக அருகில்'தான். வரி, குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை, குப்பை வண்டி எல்லாம் அந்த எல்லைக்கோட்டின்படிதான் வரும். செப்டிக் டேங்க் லாரிக்கு மாதாமாதம் காசு கட்டுகிற அப்பார்ட்மென்டும் சாக்கடை இணைப்புள்ள அப்பார்ட்மென்டும் விலையில் ஒன்றாக இருக்கலாம். மெயின்டனன்ஸில் ஒன்றாக இருக்காது. மெயின்டனன்ஸ் ஏறினால் வாடகையை ஏற்ற முடியாது, ஏனென்றால் குடியிருப்பவர் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்.

கடைசியாக விற்கும் கட்டம். கட்டடத்துக்கு வயது ஏறும். லிஃப்ட் அடிக்கடி நிற்கும், தளத்தில் கசிவு வரும், பக்கத்தில் புது அப்பார்ட்மென்ட் எழும்பும், வாடகை தேங்கும். இருபத்தைந்து வருடப் பழைய ஃபிளாட்டை வாங்க வருகிறவர் சமையலறை மாடுலர் கிச்சனா என்று கேட்பதில்லை, யு.டி.எஸ். எவ்வளவு என்றுதான் கேட்கிறார். 2022-இல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அப்போது பில்டர் பேசும் பேரம் முழுக்க மண்ணின் அளவை வைத்தே நடக்கும். ஆகவே இன்று ஒரே தெருவில் ஒரே விலையில் இரண்டு ஃபிளாட்டுகள் கிடைத்து, ஒன்றில் ஜிம்மும் நீச்சல் குளமும் 300 சதுர அடி யு.டி.எஸ்.ஸும், மற்றதில் வெறும் பைக் ஷெட்டும் 480 சதுர அடி யு.டி.எஸ்.ஸும் இருந்தால், வாடகை முதலீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவதில் வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூட வரும். அந்த நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வாங்குவதற்கு முன் அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்.